பனைமரத்தடியில் பால் குடித்தவர்

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – கணிதம்)

“பனைமரத்தின் கீழ் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றே உலகம் சொல்லும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. பனைமரத்தடிக்குப் போகாதே என்பதுதான் இதன் கருத்து என்று பெரியோர் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால், தான் நிற்பது பனைமரத்தின் அடி என்றே அறியாத ஒருவன் என்ன செய்வான்? அதனை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? இக்கேள்விகளை என்னுள் எழுப்பியது ஓர் அமெரிக்கக் கூடைப்பந்து வீரரின் வாழ்க்கை. அவர் பெயர் கானி ஹாக்கின்ஸ்.

நம் கல்லூரித் திடலில் மாலை வேளைகளில் கூடைப்பந்து ஆடும் நண்பர்களில் மைக்கேல் ஜோர்டன் பெயரை அறியாதவர் இல்லை. ஹாக்கின்ஸின் பெயரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆட்டத்திறனில் அவர் குறைந்தவர் என்பது இதற்குக் காரணம் அன்று. அவர் ஆடியிருக்க வேண்டிய ஆண்டுகளில் பெரிய களங்களின் கதவுகள் அவருக்கு மூடப்பட்டிருந்தன. ஏன் மூடப்பட்டன, எப்படித் திறந்தன, அதில் நமக்கு என்ன பாடம் உண்டு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் வறுமையும்

ஹாக்கின்ஸ் 1942ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் என்னும் அந்த வட்டாரம் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைக் குடியிருப்பு. சிறுவனாக இருக்கும்போதே தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். தாயோ கண்பார்வை மங்கி வந்தவர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது.

வறுமை கொடுக்காததை உடல் கொடுத்தது. பதினொரு வயதிலேயே எம்பிக் குதித்துப் பந்தை வளையத்தினுள் திணிக்க அவரால் முடிந்தது. வளர்ந்தபின் உயரம் ஆறடி எட்டு அங்குலம். உள்ளங்கை மிகப் பெரியது. நாம் ஆரஞ்சுப் பழத்தைப் பிடிப்பது போல அவர் ஒரு கையால் கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டு, காற்றில் மிதந்தபடியே அதனை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார். பிற்காலத்தில் ஜூலியஸ் எர்விங் போன்றோர் புகழ்பெறச் செய்த அந்த வான்வழி ஆட்டத்துக்கு ஹாக்கின்ஸே முன்னோடி என்பர்.

அவர் பயின்ற பாய்ஸ் உயர்நிலைப்பள்ளி 1959, 1960 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நியூயார்க் நகரப் பள்ளிகளின் வாகையராயிற்று. இறுதியாண்டில் ஓர் ஆட்டத்திலும் அப்பள்ளி தோற்கவில்லை. நாட்டின் பல்கலைக்கழகங்கள் பல அவரைத் தம்மிடம் வருமாறு அழைத்தன. அவர் ஐயோவா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. பள்ளிப் படிப்பை முடித்த நிலையிலும் ஹாக்கின்ஸால் சரளமாகப் படிக்க முடியாது. பந்து வளையத்தில் விழும்வரை, பாடம் தலையில் ஏறியதா என்று யாரும் கேட்கவில்லை. வகுப்புக்கு வகுப்பு ஏற்றிவிட்டார்கள், அவ்வளவே. பின்னால் வந்த துன்பத்திற்கு விதை இங்கேதான் விழுந்தது என்பது என் கருத்து.

ஆட்டத்தில் சூது நுழைந்த விதம்

அந்நாளில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரும் சூதாட்டம் நடந்துவந்தது. எந்த அணி வெல்லும் என்று மட்டும் பந்தயம் கட்டினால் வலிமையான அணியின் மீதே எல்லோரும் பணம் கட்டுவர். ஆகவே சூதாட்டக்காரர்கள் புள்ளி வித்தியாசத்தின் மீது பந்தயம் வைத்தனர்.

எடுத்துக்காட்டாக, ஓர் அணி பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்று கணிக்கப்படுகிறது எனக் கொள்வோம். பந்தயம் கட்டுகிறவர் ‘பத்துக்கு மேல்’ அல்லது ‘பத்துக்குக் கீழ்’ என்று கட்டலாம். இப்போது சூதாட்டக்காரன் அந்த அணியின் வீரன் ஒருவனுக்கு இரகசியமாகப் பணம் கொடுத்து, “நீ தோற்க வேண்டாம், ஆறு புள்ளியில் வென்றால் போதும்” என்கிறான். வீரன் இரண்டொரு பந்தை வேண்டுமென்றே தவறவிடுகிறான். அணியும் வெல்கிறது, கூட்டமும் கைதட்டுகிறது, பயிற்சியாளரும் மகிழ்கிறார். ‘பத்துக்குக் கீழ்’ என்று கட்டியவன் பை நிறைகிறது. வெற்றியின் போர்வைக்குள் நடக்கும் திருட்டு ஆதலால் இதனைக் கண்டுபிடிப்பது கடினம்.

1951இல் இத்தகைய ஊழல் ஒன்று நியூயார்க்கில் வெடித்து, அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு தேசியக் கோப்பைகளையும் வென்றிருந்த நியூயார்க் நகரக் கல்லூரி அணியின் பெயரையே கெடுத்தது. பத்தாண்டு கழித்து 1961இல் மீண்டும் ஓர் ஊழல் வெளிப்பட்டது. இம்முறை அதன் நடுநாயகமாக இருந்தவர் ஜாக் மோலினாஸ்.

மோலினாஸ் கல்வியில்லாதவர் அல்லர். புகழ்பெற்ற கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சிறந்த கூடைப்பந்து வீரர். பிற்காலத்தில் வழக்கறிஞரும் ஆனார். தம் அணியின் ஆட்டங்களின் மீதே பந்தயம் கட்டியதற்காக 1954இல் என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் அவரை நீக்கிவிட்டது. அதன்பின் அவர் கல்லூரி வீரர்களை விலைக்கு வாங்கும் தொழிலில் இறங்கினார்.

இருநூறு டாலர்

1960ஆம் ஆண்டு பள்ளியை முடித்த பதினெட்டு வயது ஹாக்கின்ஸ், நியூயார்க்கின் ஆடுகளங்களில் மோலினாஸுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் அறிமுகமானார். அவர்கள் உணவு வாங்கிக் கொடுத்தார்கள். கடற்கரைக்கு அழைத்துச் சென்றார்கள். முன்னாள் ஆட்டக்காரர், வழக்கறிஞர், கைநிறையப் பணம் உடையவர், ஏழைப் பையன் மீது அன்பு காட்டுகிறார் என்றால் அவன் மனம் குளிராதா? தந்தையின் அன்பை அறியாத பிள்ளைக்கு அது எத்தனை பெரிதாகத் தோன்றியிருக்கும்!

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபின் படிப்புச் செலவுக்குப் பணம் தட்டுப்பட்டது. ஹாக்கின்ஸ் மோலினாஸிடம் இருநூறு டாலர் கடன் பெற்றார். ஊழல் வெளியாவதற்கு முன்னரே அவருடைய அண்ணன் பிரெட் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதுதான் ஹாக்கின்ஸ் செய்த ‘குற்றம்’.

அவர் எந்த ஆட்டத்திலாவது புள்ளியைக் குறைத்தாரா? இதற்கு விடை காணச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. அக்காலத்து விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியாது. ஹாக்கின்ஸ் ஐயோவாவில் இருந்தது அந்த முதலாண்டு மட்டுமே. முதன்மை அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாதவர் அந்த ஆட்டங்களின் புள்ளியை எப்படிக் குறைப்பார்?

ஆயினும் பிற வீரர்களைச் சூதாட்டக்காரர்களிடம் அறிமுகம் செய்யும் இடைத்தரகர் என்று அவர் மீது ஐயம் விழுந்தது.

நீதிமன்றம் இல்லாத தீர்ப்பு

1961 வசந்த காலத்தில் ஹாக்கின்ஸை நியூயார்க்குக்கு வரவழைத்து, துப்பறிவோர் நாட்கணக்கில் விசாரித்தனர். அருகில் வழக்கறிஞர் இல்லை, பெற்றோர் இல்லை, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் எவரும் இல்லை. மீண்டும் மீண்டும் அதே கேள்விகள். அச்சத்தினால், அவர்கள் கேட்க விரும்பியதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணிச் சிலவற்றைச் சொல்லிவிட்டதாக அவர் பிற்காலத்தில் கூறினார்.

ஹாக்கின்ஸ் கைது செய்யப்படவில்லை. அவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. எந்த நீதிபதியும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் செய்தித்தாளில் வந்துவிட்டது. ஐயோவாவில் அவர் படிப்பும் உதவித்தொகையும் முடிந்துபோயின. வேறு பல்கலைக்கழகம் எதுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளி முடித்து நான்காண்டு சென்றபின் என்.பி.ஏ.வில் ஆடும் தகுதி 1964இல் அவருக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் சங்கமும் அவரை எந்த அணியும் எடுக்கலாகாது என்று தடுத்துவிட்டது.

இதே நிலை ரோஜர் பிரவுன் என்னும் மற்றொரு புரூக்ளின் இளைஞருக்கும் நேர்ந்தது. டேட்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவரும் மோலினாஸ் கூட்டத்துடன் பழகிய காரணத்தால் நீக்கப்பட்டார். குற்றம் சாட்டப்படாமலேயே தண்டனை பெற்றார். தொழிற்சாலையில் வேலை செய்து பிழைத்தார். 1967இல் புதிதாகத் தோன்றிய ஏ.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் இந்தியானா அணிக்காக ஆடி மூன்று முறை வாகை சூடினார். எனினும் என்.பி.ஏ.வில் அவர் ஒருநாளும் ஆடவில்லை.

மோலினாஸ் 1963இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மைக் குற்றவாளிக்கு வழக்கு, சாட்சி, வாதம், தீர்ப்பு என்று எல்லா முறைகளும் கிடைத்தன. குற்றம் நிரூபிக்கப்படாத இளைஞருக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அலைந்த ஆண்டுகள்

பத்தொன்பது வயதில் ஹாக்கின்ஸ், ஏ.பி.எல். என்னும் சிறிய சங்கத்தின் பிட்ஸ்பர்க் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே மிகுதியான புள்ளி எடுத்தவரும் அவரே. மிகச் சிறந்த வீரர் என்ற விருது பெற்றவரும் அவரே. ஆனால் அந்தச் சங்கமே 1962 டிசம்பர் இறுதியில் நொடித்து மூடப்பட்டது.

அடுத்து ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் குழுவில் சுமார் நான்கு ஆண்டுகள் இருந்தார். அக்குழுவினர் ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று வேடிக்கை ஆட்டம் ஆடுவோர். பந்தை விரலில் சுழற்றுவதும், எதிரணியைக் கேலி செய்வதும், குழந்தைகளைச் சிரிக்க வைப்பதும் அவர்கள் தொழில். அதனை இழிவென்று நான் கூறவில்லை. ஆனால் தன் வலிமையைத் தனக்கு நிகரானவரோடு மோதிப் பார்க்கத் துடிக்கும் வயதில், வெற்றி முன்பே முடிவாகிவிட்ட ஆட்டத்தை இரவுதோறும் ஆடுவது எத்தகைய சிறை!

1967இல் ஏ.பி.ஏ. தொடங்கியதும் அவர் பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ் அணியில் சேர்ந்து, அந்தச் சங்கத்தின் முதல் கோப்பையை அவ்வணிக்கு வென்று தந்தார். அப்பருவத்தின் மிகச் சிறந்த வீரரும் அவரே. அடுத்த பருவத்தில் முழங்காலில் காயம் ஏற்பட்டு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. வாசல் திறக்கும் முன்னரே உடல் தேயத் தொடங்கிவிட்டது.

வழக்கு

இந்நிலையில் அவருக்குத் துணை வந்தவர்கள் பிட்ஸ்பர்க் நகரத்து வழக்கறிஞர்களான டேவிட் லிட்மன், ரோஸ்லின் லிட்மன் என்னும் கணவன் மனைவியர். 1966இல் என்.பி.ஏ. மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. பல முதலாளிகள் கூடிப் பேசிக்கொண்டு ஒரு மனிதனுக்கு அவன் தொழிலையே மறுப்பது, தொழில் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்திற்கு விரோதமானது என்பது அவர்கள் வாதம். கூடைப்பந்தில் உயர்ந்த ஊதியம் தரும் களம் அது ஒன்றே. அக்கதவை எல்லா அணிகளும் சேர்ந்து அடைத்தால் அவன் எங்கே செல்வான்?

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 1969 மே மாதம், டேவிட் உல்ஃப் என்னும் எழுத்தாளர் ‘லைஃப்’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஹாக்கின்ஸுக்கு எதிரான சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றில் உறுதியானது எதுவும் இல்லை என்று அவர் காட்டினார். நாடு முழுவதும் அதனைப் படித்தது. அடுத்த மாதமே என்.பி.ஏ. சமரசத்துக்கு வந்தது. பல ஆண்டுகளில் தரப்படும் தொகையையும் சேர்த்து ஏறத்தாழ பதின்மூன்று இலட்சம் டாலர் இழப்பீடு தரவும், ஆடவிடவும் ஒப்புக்கொண்டது.

எட்டாண்டுக் காலம் திறவாத கதவை இருவர் சட்ட அறிவும் ஒருவர் எழுத்தும் திறந்தன. 1961இல் அந்த விசாரணை அறையில் அவர்களில் ஒருவர் உடனிருந்தாலே போதுமே என்று என் நெஞ்சம் எண்ணுகிறது.

காலம் கடந்த வருகை

அவர் எந்த அணிக்கு என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தனர். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி வென்றது. முந்தைய பருவத்தில் பதினாறு ஆட்டங்களே வென்றிருந்த அவ்வணி, ஹாக்கின்ஸ் வந்த 1969–70 பருவத்தில் முப்பத்தொன்பது ஆட்டங்களை வென்றது. அவர் ஆட்டத்திற்குச் சராசரியாக 24.6 புள்ளி எடுத்து, நாட்டின் தலைசிறந்த ஐவர் பட்டியலில் இடம்பெற்றார். சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் ஆகிய மூன்று பெருவீரர்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியை எதிர்த்த தொடரில், ஓர் ஆட்டத்தில் தனியொருவராக 34 புள்ளிகள் எடுத்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் இருபதையும் கைப்பற்றினார். மூன்றுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்த ஃபீனிக்ஸ் இறுதியில் நான்குக்கு மூன்று என்று தோற்றது.

அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. முழங்காலுக்கோ வயது அதற்கும் மேல். 1976இல் ஓய்வு பெற்றார். 1992இல் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம் அளித்துச் சிறப்பித்தார்கள். 2017 அக்டோபர் 6 அன்று எழுபத்தைந்தாம் வயதில் காலமானார்.

இழப்பின் கணக்கு

கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஐயோவாவில் அவர் ஆடியிருக்க வேண்டியவை மூன்று பருவங்கள். 1964 முதல் 1969 வரை என்.பி.ஏ.வில் ஆடியிருக்க வேண்டியவை ஐந்து பருவங்கள். மொத்தம் எட்டு. அவர் அங்கு உண்மையில் ஆடியவை ஏழு பருவங்கள், 499 ஆட்டங்கள். ஆடியதைவிட இழந்தது மிகுதி. அதுவும் பத்தொன்பது முதல் இருபத்தேழு வரையிலான, உடல் வளைந்து கொடுக்கும் வயது. இழப்பீட்டுப் பணத்தை எண்ணி வாங்கலாம். அந்த எட்டை எந்த வங்கியில் வாங்குவது? இத்தனைக்கும் வித்து, திருப்பிக் கொடுக்கப்பட்ட இருநூறு டாலர்!

நாம் கற்பது

ஹாக்கின்ஸிடம் தவறே இல்லை என்று நான் வாதிடவில்லை. எங்கிருந்து வருகிறது என்று கேளாமல் பணம் வாங்கினார். காரணமின்றி அன்பு காட்டியவரை ஐயுறவில்லை. பழமொழி எச்சரிக்கும் தவறு இதுவே. ஆனால் பதினெட்டு வயதில் இத்தவற்றைச் செய்யாமலிருக்க அறிவு மட்டும் போதாது. அருகில் ஒருவர் வேண்டும். இதனை நான் நூலில் கற்றதாகச் சொல்ல முடியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை, காட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். அதற்கு மேல் தாளில் என்ன இருக்கிறது என்பதை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். முதலாண்டில், ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். அண்ணன் என்றே அழைத்தேன். பல நாட்கள் தேநீரும் சாப்பாடும் அவர் செலவு. தேர்வுக் கட்டணத்திற்குப் பணம் இல்லாதபோது கேளாமலே கொடுத்தார். பின்னர் ஒருநாள், “தம்பி, உன் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, அட்டையை என்னிடம் கொடு. மாதம் மூவாயிரம் தருகிறேன்” என்றார். எனக்கு அதில் தவறு தெரியவில்லை. என் பணம் போகவில்லையே என்று எண்ணினேன்.

கணக்குத் தொடங்கக் கல்லூரிச் சான்று வேண்டியிருந்தது. கையெழுத்துக்காகத் துறைப் பேராசிரியரிடம் சென்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, “உதவித்தொகைக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறதே, இன்னொன்று எதற்கப்பா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். பிறரை ஏமாற்றிப் பறித்த பணம் இப்படிப்பட்ட மாணவர் கணக்குகள் வழியாகவே கைமாறுகிறது என்றும், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான் என்றும் அரைமணி நேரம் விளக்கினார். தேர்வுக் கட்டணப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. விடுமுறையில் கட்டட வேலைக்குச் சென்று கொடுத்தேன்.

ஹாக்கின்ஸைவிட நான் அறிவாளி அல்லன். இருவர் வாழ்விலும் வந்த மனிதர் ஒரே வகையினர்; உணவு, அன்பு, அவசரத்திற்குப் பணம் என்று வந்த வழியும் ஒன்றே. அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. எனக்கு ஒருவர் இருந்தார். வேறுபாடு அவ்வளவுதான்.

மோலினாஸ் படித்தவர், ஹாக்கின்ஸ் படிக்கத் தெரியாதவர். ஆகவே கல்வி ஒருவனை நல்லவனாக்கும் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கல்லாதவனை ஏமாற்றவும் கல்வி உதவும். லிட்மன் தம்பதியர் செய்தது போல அவனைக் காக்கவும் உதவும். முதல் தலைமுறையாகக் கற்க வந்திருக்கும் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அன்பு நண்பர்களே! படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். காரணம் தெரியாத பணத்தைக் கைநீட்டி வாங்காதீர்கள். விளங்காத ஒன்று வந்தால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கேளுங்கள். நாளை உங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வரும் தம்பி தங்கையர், விளையாட்டு வீரர் ஆனாலும் சரி, பாடத்தில் சிறந்தவர் ஆனாலும் சரி, அவர்கள் நிற்கும் மரத்தைச் சற்றே அண்ணாந்து பாருங்கள். அது பனைமரமாக இருந்தால், உலகம் சொல்லுமுன் நீங்கள் சொல்லுங்கள்.